கெடு வைப்பவர் ஒருவர், கண் விழிப்பவர் வேறொருவர்!

ஒரு சின்னக் கம்பெனி புதிய சாப்ட்வேர் ஒன்றைத் தயாரிக்கிறது. தீபாவளிக்கு வெளியிடுவோம் என்று விளம்பரம் செய்கிறது. தீபாவளி வருகிறது, சாப்ட்வேர் வரவில்லை. பொங்கலுக்கு நிச்சயம் என்கிறார்கள். பொங்கலும் போகிறது. முன்பணம் கட்டிய கடைக்காரர் சத்தம் போடுகிறார். மூலதனம் போட்டவர் கணக்குக் கேட்கிறார். உடனே கம்பெனி முதலாளி என்ன செய்கிறார்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து இளைஞர்களை நோக்கி விரலை நீட்டுகிறார். “இவர்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்!” என்கிறார்.

தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும், கோவை சரவணம்பட்டியிலும் வேலை செய்யும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பல்லவியைக் கேட்காதவர் அவர்களில் மிகக் குறைவு.

இந்தக் குற்றச்சாட்டு உண்மையா? இதை நாம் விசாரித்தே ஆக வேண்டும். ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டைக் காட்டித்தான் இரவு பதினொரு மணி வரை வேலை வாங்குகிறார்கள். இதைக் காட்டித்தான் சனி, ஞாயிறுகளைப் பறிக்கிறார்கள். இதைக் காட்டித்தான் சம்பள உயர்வை நிறுத்துகிறார்கள். கடைசியில் இதே காரணத்தைச் சொல்லித்தான் சீட்டையும் கிழிக்கிறார்கள்.

பெரிய இடத்து உபதேசங்களும் இந்தப் பல்லவிக்குப் பக்க வாத்தியம் வாசிக்கின்றன. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, நம் நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று திருவாய் மலர்ந்தார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்பிரமணியன் பேசியது வெளியே வந்தது. அவருக்கு 70 போதவில்லை. 90 மணி நேரம் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தமாம்! வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். அதில் 90 போனால், தூங்கவும் சாப்பிடவும் பஸ்ஸில் தொங்கவும் பிள்ளை முகம் பார்க்கவும் மிச்சம் இருப்பது 78 மணி. இந்தக் கணக்கு அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்கள்.

நாம் சொல்கிறோம்: சாப்ட்வேர் வெளியீடு தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் உழைப்பவரின் சோம்பல் அல்ல. வேலையைச் செய்யாதவர் கெடு வைக்கிறார். வேலை நடக்கும்போதே நடுவில் புகுந்து அதை மாற்றியும் விடுகிறார். வேலையைச் செய்பவருக்கோ இரண்டிலும் வாய் திறக்க உரிமை இல்லை. தாமதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இது வெறும் கோஷம் அல்ல. உலகமறிந்த சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறோம்.

பதினான்கு வருஷத்து வனவாசம்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகரத்துக்கு அருகே கார்லண்ட் என்ற ஊர். அங்கே 3டி ரியல்ம்ஸ் என்ற சின்னக் கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டரில் விளையாடும் ஆட்டங்களைத் தயாரிப்பது அதன் தொழில். 1996-ல் அது வெளியிட்ட டியூக் நியூகெம் 3டி என்ற ஆட்டம் லட்சக்கணக்கில் விற்றது. பணம் கொட்டியது. 1997 ஏப்ரலில், அடுத்த ஆட்டம் டியூக் நியூகெம் ஃபாரெவர் என்று அறிவித்தார்கள். 1998-ல் வந்துவிடும் என்றார்கள்.

வந்ததா? 1998 போயிற்று. 1999 போயிற்று. 2000-ம் போயிற்று. அந்த ஆட்டம் கடைக்கு வந்தது எப்போது தெரியுமா? 2011 ஜூனில்! ராமன் காட்டில் இருந்ததும் பதினான்கு வருஷம்தான்.

ஏன் இந்தத் தாமதம்? அங்கே இருந்தவர்கள் கை கட்டிக்கொண்டு தூங்கினார்களா? இல்லை. நடந்தது வேறு.

இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு அடியில் “எஞ்சின்” என்று ஒரு சாப்ட்வேர் உண்டு. திரையில் சுவர் எப்படித் தெரிய வேண்டும், வெளிச்சம் எப்படி விழ வேண்டும், ஆள் எப்படி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் நடத்துகிறது. மற்ற வேலைகள் எல்லாம் அதன் மேல் கட்டப்படுகின்றன. 3டி ரியல்ம்ஸ் முதலில் குவேக் 2 என்ற எஞ்சினை விலைக்கு வாங்கி வேலையைத் துவக்கியது. 1998 மே மாதம் ஒரு கண்காட்சியில் மாதிரிப் படமும் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். அடுத்த மாதமே, ஜூனில், அந்த எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு அன்ரியல் என்ற வேறொரு எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். ஒரு வருஷத்து உழைப்பில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிற்று.

நம் நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் பாவு பிணைத்து, பாதிச் சேலை நெய்தாகிவிட்டது. அப்போது முதலாளி வந்து, “பக்கத்து ஊரில் இதைவிட நயமான நூலில் நெய்கிறார்களாம், இதை அறுத்துப் போட்டுவிட்டு அந்த நூலில் ஆரம்பி” என்கிறார். நெசவாளி அறுத்துப் போடுகிறார். மறுபடி பாதி வந்ததும் மறுபடி அதே கதை. ஆறு மாதம் கழித்து, “ஏன் இன்னும் சேலை வரவில்லை? நீ சோம்பேறி!” என்றால், அது அடுக்குமா?

3டி ரியல்ம்ஸில் நடந்தது இதுதான். உரிமையாளர்களில் ஒருவரான ஜார்ஜ் புரூசார்ட் என்பவரே இந்த ஆட்டத்துக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சந்தையில் எந்தப் புதிய ஆட்டம் வந்தாலும், அதில் உள்ளது நம்முடையதிலும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போனதாகப் பத்திரிகைகள் விவரமாக எழுதின. 2001-ல் இன்னொரு மாதிரிப் படம் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் அடித்தளம் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டது. எப்போது வெளிவரும் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: “முடியும்போது வரும்!”

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2003-ல் இந்த ஆட்டத்தில் வேலை செய்தவர்கள் மொத்தம் 18 பேர். அப்போது மற்றக் கம்பெனிகளில் இப்படிப்பட்ட வேலைக்கு இதைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள். இவர்களில் பலர் வெளியில் கிடைக்கக்கூடிய சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, ஆட்டம் வெளிவந்தால் லாபத்தில் பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் காத்திருந்தவர்கள். ஆட்டம் வெளிவந்தால்தானே பங்கு? ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு ஒத்திவைப்பும் அவர்கள் கையில் வந்திருக்க வேண்டிய கூலியையே தள்ளிப் போட்டது. பொறுத்துப் பார்த்தார்கள். 2006-ல் பலர் விலகிப் போனார்கள். மீதி இருந்தவர்களை 2009 மே 6-ந் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் தீர்ந்துவிட்டதாம்!

முதலாளியும் தம் சொந்தப் பணத்தை இதில் போட்டார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தம் பணத்தோடு மற்றவர்களின் வாலிபத்தையும் சேர்த்துப் பந்தயம் வைக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களில் ஒன்பது பேரும் மற்றும் சிலரும் தங்கள் வீடுகளில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து செய்தார்கள். “சோம்பேறிகள்” செய்கிற காரியமா இது? பிறகு கியர்பாக்ஸ் என்ற வேறொரு கம்பெனி உரிமையை வாங்கியது. 2010 செப்டம்பரில் அறிவித்தது; 2011 மே மாதம் வரும் என்றது; கடைசியாக ஒரு தடவை ஒரு மாதம் ஒத்தி வைத்தது; ஜூனில் வெளியிட்டது. பதினான்கு வருஷம் காத்திருந்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். பழைய காலத்து வேலையும் புதிய காலத்து வேலையுமாக ஒட்டுப் போட்ட துணி வேறு எப்படி இருக்கும்?

வெளியிலிருந்து நெருக்கியவர்கள் இந்தக் கதையில் குறைவு. உரிமையாளர்தான் ராஜா, அவர்தான் மந்திரி. அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. “போதும் ஐயா, இதோடு நிறுத்தி இதை முடிப்போம்” என்று வேலை செய்தவர்கள் சொல்லி, அது செல்லுபடியாகியிருந்தால், அந்த ஆட்டம் பத்து வருஷம் முன்னதாக வந்திருக்கும். அந்தக் கம்பெனியும் பிழைத்திருக்கும்.

ஆளைக் கூட்டினால் முடிந்துவிடுமா?

“சரி, தாமதமாகிவிட்டது, இன்னும் பத்துப் பேரைச் சேர்த்து முடுக்கிவிடு” என்பது முதலாளிகளின் இன்னொரு மருந்து. இந்த மருந்து நோயைக் கூட்டும் என்று சொன்னவர் நம் சங்கத்துக்காரர் அல்ல. ஐ.பி.எம். என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியின் மானேஜராக இருந்த பிரெட் புரூக்ஸ் என்பவர். 1960-களில் அந்தக் கம்பெனியின் ஓ.எஸ்./360 என்ற பெரிய சாப்ட்வேர் வேலையை நடத்தியவர். அது கெடு தாண்டியது, செலவும் தாண்டியது. அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் அவர் எழுதிய புத்தகத்தில், பிந்திப்போன சாப்ட்வேர் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று அடித்துச் சொன்னார். இன்றுவரை இதை அவர் பெயராலேயே “புரூக்ஸ் விதி” என்கிறார்கள்.

காரணம் எளிது. நடவுக்கு இருபது பேருக்குப் பதில் நாற்பது பேர் இறங்கினால், பாதி நேரத்தில் நட்டுவிடலாம். ஏனென்றால் ஒருத்தி நடுவதற்கும் அடுத்தவள் நடுவதற்கும் நடுவே பேசித் தீர்க்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் குறுவை விளைய நூறு நாளுக்கு மேல் வேண்டும். வயலைச் சுற்றி நானூறு பேர் நின்றாலும் கதிர் ஒரு நாள் முன்னதாகப் பழுக்காது. சாப்ட்வேரிலும் இப்படி விளைய வேண்டிய வேலைகள் உண்டு. தவிர, ஒருவர் எழுதியதும் மற்றவர் எழுதியதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஐந்து பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசித் தீர்க்க வேண்டிய ஜோடிகள் 10. பத்துப் பேர் ஆனால் ஜோடிகள் 45. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு! புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது யார்? ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆள்தான்.

ஆளைக் கூட்டுவதற்குப் பதில் மணியைக் கூட்டினால்? அதற்கும் அளவு உண்டு. பதினான்கு மணி நேரம் கண் விழித்தவர் பதினைந்தாவது மணியில் எழுதும் வரியில் பிழை இருக்கும். அந்தப் பிழையைத் தேடக் காலையில் மூன்று மணி நேரம் ஆகும். இரவில் மிச்சம் பிடித்ததைக் காலையில் வட்டியோடு கட்ட வேண்டும். கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சோதனை பார்ப்பதற்கான நாட்கள். அதை வெட்டி அவசரமாக வெளியிட்ட சாப்ட்வேர் கடைக்காரரின் கணக்கைக் குழப்புகிறது. அப்போது திட்டு வாங்குவதும் அதே இளைஞர்தான்.

பொய்க் கெடு ஒரு வியாபார ஆயுதம்

அப்படியானால், முடிக்க முடியாது என்று தெரிந்தும் முதலாளிகள் ஏன் முன்கூட்டித் தேதி சொல்கிறார்கள்? அறியாமையாலா? எல்லா நேரத்திலும் அப்படி இல்லை. தேதி சொல்வது ஒரு வியாபார ஆயுதம்.

1983 நவம்பர் 10-ந் தேதி, நியூயார்க்கில் பெரிய ஹோட்டலில் தடபுடலாக விழா நடத்தி, மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் என்ற சாப்ட்வேரை அறிவித்தது. இன்றுள்ள ராட்சதக் கம்பெனி அல்ல, வளர்ந்துகொண்டிருந்த கம்பெனி. 1984-ல் விண்டோஸ் கைக்கு வரும் என்றது. வந்தது 1985 நவம்பர் 20-ந் தேதி! அறிவித்து இரண்டு வருஷம் கழித்து. அதே சமயத்தில் விசிகார்ப் என்ற கம்பெனி விசிஆன் என்று இதைப் போன்ற ஒன்றைத் தயாரித்து, 1983 முடிவதற்குள் கடைக்குக் கொண்டுவந்திருந்தது. “அவசரப்படாதீர்கள், இன்னும் நல்லது வருகிறது” என்று இல்லாத சரக்கைக் காட்டி, இருக்கும் சரக்கை வாங்கவிடாமல் ஜனங்களை நிறுத்தி வைக்க இந்த அறிவிப்பு உதவியது. விசிஆனின் விலையும் அதற்கு வேண்டியிருந்த விலையுயர்ந்த இயந்திரமும் அதன் வீழ்ச்சிக்குக் காரணம்தான். ஆனாலும் 1984-லேயே விசிகார்ப் அதை விற்றுவிட்டுக் கையை உதறிக்கொண்டது. வராத சரக்கு வந்த சரக்கை வென்றது!

இப்படிப்பட்ட சரக்குக்கு அமெரிக்காவில் “வேப்பர்வேர்” என்று பெயர் வைத்தார்கள். வேப்பர் என்றால் ஆவி. கண்ணுக்குத் தெரிந்து கைக்கு அகப்படாதது. 1995 பிப்ரவரியில் ஸ்டான்லி ஸ்போர்க்கின் என்ற நீதிபதி, மைக்ரோசாப்டும் அமெரிக்க சர்க்காரும் செய்துகொண்ட சமரசத்தை ஏற்க மறுத்தார். இந்த ஆவிச் சரக்கு விளம்பரத்தைப் பற்றி அந்தச் சமரசத்தில் ஒன்றும் இல்லையே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மேல் கோர்ட்டு அதே வருஷம் ஜூனில் அவர் தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆனாலும் விஷயம் ஊரறிந்து போயிற்று.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. போட்டியாளனை மடக்கச் சொன்ன தேதியானாலும், மூலதனக்காரனை மயக்கச் சொன்ன தேதியானாலும், அந்தத் தேதியின் சுமை கடைசியில் யார் தோளில் ஏறுகிறது? வெளியே வியாபாரத் தந்திரமாகப் போன அதே தேதி, உள்ளே வரும்போது புரோகிராமரின் மேஜை மேல் கட்டளையாகி விடுகிறது. தந்திரம் ஒருவருடையது, தூக்கமின்மை மற்றவருடையது!

ஒரு பெண்ணின் கடிதம்

2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு பெண் பெயர் போடாமல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருக்குக் கணவராக வரவிருந்தவர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆட்டம் தயாரிக்கும் தொழிலாளி. முதலில் தினம் 8 மணி, வாரம் 6 நாள் என்றார்கள். பிறகு தினம் 12 மணி என்றார்கள். பிறகு ஞாயிறும் போயிற்று. காலை 9 முதல் இரவு 10 வரை, வாரம் 7 நாள். மேல் வேலைக்குச் சம்பளம் இல்லை. வேலை கெடுவுக்குள் நடந்துகொண்டிருந்தபோதே இந்தக் கசக்கிப் பிழிதல் நடந்தது என்று அவர் எழுதினார்.

இது சின்னக் கம்பெனி அல்ல, உலகத்துப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. பெரிய இடத்தில் இந்த லட்சணம் என்றால் சின்ன இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் கதை கண்ணீரோடு முடியவில்லை. தொழிலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-ல், சித்திர வேலை செய்தவர்களுக்காக 1 கோடியே 56 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2006-ல், புரோகிராமர்களுக்காக மேலும் 1 கோடியே 49 லட்சம் டாலர். “இவர்கள் தொழிலாளிகள் அல்ல, கலைஞர்கள், இவர்களுக்கு மணிக் கணக்கு கிடையாது” என்று சொல்லி வந்த கம்பெனி, மூன்று கோடி டாலருக்கு மேல் எடுத்து வைத்தது! சட்டமும் ஒற்றுமையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

“நாங்கள் சின்னக் கம்பெனி” என்ற சாக்கு

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். “நாங்கள் சின்னக் கம்பெனி. ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறோம். எங்களிடம் மேல் சம்பளம் கேட்டால் எங்கே போவோம்?” என்பார்கள்.

சின்ன முதலாளிக்கும் கஷ்டம் உண்டு. நாம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கடைகளுக்குப் பில் போடும் சாப்ட்வேர் தயாரிக்கும் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதே வருஷம் நவம்பரில் 178 பொருள்களுக்கு வரி விகிதம் மாறியது. 2025 செப்டம்பர் 3-ந் தேதி புதிய விகிதங்களை அறிவித்தார்கள். செப்டம்பர் 22-ல் அமல் என்றார்கள். இடையில் 19 நாள்! அதற்குள் ஊரெல்லாம் உள்ள பில் போடும் சாப்ட்வேர் மாற வேண்டும். டில்லியில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். கோவையில் ஒருவர் கண் விழிக்கிறார்.

சர்க்காரின் சொந்த சாப்ட்வேர் எப்படி இருந்தது? சரக்கு லாரிகளுக்கான இ-வே பில் முறையை 2018 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே அதன் இணையதளம் முடங்கிப் போயிற்று. அன்றைக்கே ஒத்தி வைத்தார்கள். ஏப்ரல் 1-ல்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சர்க்கார் கெடு தவறினால் அதற்குப் பெயர் “ஒத்திவைப்பு”. ஒரு இளைஞர் கெடு தவறினால் அதற்குப் பெயர் “திறமைக் குறைவு”! என்ன நியாயம் இது?

ஆகவே மேலேயிருந்து வரும் நெருக்கடி சின்ன முதலாளியையும் அழுத்துகிறது. ஆனால் அவர் அந்தப் பாரத்தை எங்கே இறக்குகிறார் என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளரிடம், “இத்தனை நாள் ஆகும், அதற்குள் முடியாது” என்று உண்மையைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மூலதனக்காரரிடம் சொல்லத் தைரியம் இல்லை. கீழே இருப்பவரிடம் மட்டும் வீரம் வருகிறது. ஒரே குடும்பம் என்கிறாரே, குடும்பத்தில் லாபம் வந்தபோது பங்கு கொடுத்தாரா? கணக்குப் புத்தகத்தைக் காட்டினாரா? கஷ்டத்தில் மட்டும் குடும்பம், லாபத்தில் தனிக்குடித்தனமா?

இவர்கள் தொழிலாளிகளா?

“குளிர் அறையில் உட்கார்ந்து, மாதச் சம்பளம் வாங்குபவர்கள் எப்படித் தொழிலாளிகள் ஆவார்கள்?” என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்களில் சிலரே அப்படி நினைக்கிறார்கள். அறை குளிர்வது கம்ப்யூட்டருக்காகவும்தான்! தன் உழைப்பு நேரத்தை விற்றுப் பிழைப்பவர், அந்த நேரத்தின் மேல் தனக்கு அதிகாரம் இல்லாதவர், நாளைக்கே வெளியே போ என்றால் போக வேண்டியவர் தொழிலாளிதான்.

நேரம் யாருடையது என்ற வழக்கு நம் சென்னைக்குப் புதிதல்ல. 1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, சாப்பிடக்கூடப் போதிய இடைவேளை இல்லை என்பது அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்த நாட்டில் நடந்த முதல் மே தினம் அதுதான். எட்டு மணி நேர வேலையின் திருநாள் அது. 1947-ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மேல் வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றது. நிர்வாகப் பதவியில் உள்ளவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே ஒரு சந்தும் இருந்தது. இப்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் “லீட்”, “மானேஜர்” என்று பட்டம் சூட்டுகிறார்களே, அந்தப் பட்டத்தின் ரகசியம் இதில் இருக்கிறதா என்று சம்பந்தப்பட்டவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

கையில் உள்ள வரம்பைப் பிடுங்கவும் முயற்சி நடந்தது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டுக் கிளர்ந்தன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள். 2024-ல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கு 14 மணி நேரம் வரை வேலை நாளை நீட்டும் யோசனை கிளம்பியது. அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் தெருவுக்கு வந்து எதிர்த்தது. எதிர்த்த இடத்தில் நின்றது. பேசாமல் இருந்த இடத்தில் சட்டமே இல்லாமல் 14 மணி நேரம் நடந்துகொண்டிருக்கிறது.

நாம் கேட்பது என்ன?

வானத்தை வில்லாக வளைக்கும்படி நாம் கேட்கவில்லை. சாதாரண நியாயங்களைக் கேட்கிறோம்:

1. கெடு வைக்கும் முன் வேலையைச் செய்பவர்களின் கணக்கைக் கேள். அவர்கள் சொன்ன நாளையும், நீ வெளியே சொன்ன நாளையும் எழுத்தில் வை.

2. நடுவில் புதிய அம்சம் சேர்த்தால், கெடுவைத் தள்ளு. அல்லது வேறொன்றைக் கழி. இரண்டும் இல்லாமல் “சமாளி” என்று சொல்லாதே.

3. சோதனை பார்க்க ஒதுக்கிய நாட்களில் கை வைக்காதே.

4. எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடு. வர மறுத்தவரைப் பழி வாங்காதே.

5. தாமதத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்தை நிறுத்தாதே, விடுவிப்புக் கடிதத்தைப் பிடித்து வைக்காதே, சீட்டைக் கிழிக்காதே. தேதி மாறினால் வாடிக்கையாளரிடம் உண்மையான காரணத்தைச் சொல்.

இவற்றைச் செய்தால் முதலாளி கெட்டுப்போய்விட மாட்டார். சாப்ட்வேர் சொன்ன நாளில் வரும். வந்ததும் நன்றாக ஓடும். முன்பணம் கட்டிக் காத்திருக்கும் கடைக்காரரும் இதை ஆதரிக்க வேண்டும். அவரை ஏமாற்றியவர் புரோகிராமர் அல்ல. இருவரையும் ஏமாற்றியது ஒரே பொய்த் தேதி.

ஆனால் கேட்டால் மட்டும் கிடைத்துவிடாது. தனியாக ஒருவர் எழுந்து, “இந்தத் தேதிக்குள் முடியாது” என்றால், அவரை முணுமுணுப்பவர் என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னால் அந்தத் தேதி மாறும். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று 2016-லேயே தமிழக அரசு எழுத்து மூலம் தெளிவுபடுத்தியது. அப்படியிருந்தும் “சங்கமா? நமக்கா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: கார்லண்டில் இருந்த 18 பேரிடம் திறமை இருந்தது, பொறுமை இருந்தது, வேலையை நீக்கிய பிறகும் வீட்டில் உட்கார்ந்து முடிக்கும் பற்றும் இருந்தது. “போதும், நிறுத்து” என்று சேர்ந்து சொல்லி அதைச் செல்லுபடியாக்கும் அமைப்பு ஒன்றுதான் அவர்களிடம் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் பதினான்கு வருஷம் போயிற்று.

அடுத்த தடவை உங்கள் கம்பெனியில் தேதி அறிவிக்கும்போது பேசாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பக்கத்து மேஜைக்காரரிடம் பேசுங்கள். இருவராகி, பதினைந்து பேராகிக் கேளுங்கள்: இந்தத் தேதியை யார் குறித்தது? யாரைக் கேட்டுக் குறித்தது?